நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போது: எந்த வழி யாருக்கு?

படிப்பைத் தள்ளிப்போடும் பழக்கத்தை விட வேண்டும் என்று முடிவெடுக்கும் மாணவருக்கு உடனே இன்னொரு சிக்கல் வந்து நிற்கிறது. எந்த வழியைப் பிடிப்பது? டைமர் வைத்துப் படி என்கிறார் ஒருவர். அட்டவணை போடு என்கிறார் இன்னொருவர். போனைத் தூக்கி வை, நண்பரோடு சேர்ந்து உட்கார், உனக்கு நீயே கெடு வை, முதலில் மனசைக் கவனி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாமே ஓரளவு பலன் தருவதால் எதையும் ஒதுக்கவும் முடிவதில்லை. கடைசியில், சரியான வழியைத் தேடுவதே படிப்பைத் தள்ளிப்போட நல்ல காரணமாகிவிடுகிறது.

எனக்கு அப்படித்தான் ஆனது. கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்கு நான்கு மாதம் இருந்தது. முதல் மூன்று மாதத்தில் உருப்படியாக ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. கட்டுரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். கலர் பேனாக்களில் அட்டவணை போட்டேன். டைமர் ஆப் ஒன்றை ஒரு வாரம் ஓட்டினேன், அது நின்றதும் வேறொன்றுக்கு மாறினேன். ராத்திரி படுத்தால் மட்டும் வயிற்றைப் பிசையும். அந்த ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் இல்லையா? நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. ஒரு நாள் தவறிப்போனால், மறுநாள் காலையில் அந்த வழி நம் கையில் மிச்சமிருக்குமா? எந்த வழியும் முதல் நான்கு நாள் நன்றாகத்தான் ஓடும். ஐந்தாம் நாள் உடம்புக்கு முடியாமல் போகும், வேறு அவசரம் வரும், அல்லது காரணமே இல்லாமல் மனசு ஒட்டாது. ஆறாம் நாள்தான் சோதனை. அன்றைக்குத் திரும்பக் கையிலெடுக்க எது லேசாக இருக்கிறதோ, அதற்குத்தான் என் ஓட்டு.

முதலில், எது தடுக்கிறது?

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சோம்பேறிக்குப் படிக்காமல் இருப்பது உறுத்தாது. தள்ளிப்போடுகிறவருக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும். படம் பார்த்தாலும் அரை மனசோடுதான் பார்ப்பார். உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரை இதை நேரத்தைக் கையாளும் பிரச்சினையாகப் பார்க்காமல் மனநிலையைக் கையாளும் பிரச்சினையாகப் பார்க்கிறது. ஒரு வேலையை நினைத்தாலே எரிச்சலோ பயமோ வருகிறது. அதை ஒதுக்கி வைத்தால் அந்த நொடியே நிம்மதி. அந்த நிம்மதிக்கான கடனை அடைக்க வேண்டியவர் நாளைக்கு இருக்கப்போகும் நாம்.

அந்தக் கடன் எவ்வளவு என்பதையும் பார்த்திருக்கிறார்கள். டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் மாணவர்களைப் பருவம் முழுக்கக் கவனித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பருவத் தொடக்கத்தில், தள்ளிப்போடும் மாணவர்களுக்கு மற்றவர்களைவிட மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் கம்மியாகத்தான் இருந்தன. கெடு நெருங்கியதும் நிலைமை தலைகீழானது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அதிகம் அவதிப்பட்டவர்கள் அவர்களே, மதிப்பெண் குறைந்தவர்களும் அவர்களே. 'கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக ஓடும்' என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். நானும் அப்படி நம்பியவன்தான். நெருக்கடியில் வேலை வேகமாக ஓடியது உண்மை. நன்றாக ஓடியதா என்று மதிப்பெண் வந்தபிறகு நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

2007இல் பியர்ஸ் ஸ்டீல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு பெரிய அலசல் செய்தார். கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தொல்லை தரும் அளவுக்கு, விடாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார். எவை இதோடு வலுவாக ஒட்டி வருகின்றன என்றும் பட்டியலிட்டார்: வேலையின் மீது உள்ள வெறுப்பு, பலன் வெகுதூரத்தில் இருப்பது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவது, மனம் போன பக்கம் சட்டென்று தாவும் குணம். எல்லோரும் முதலில் சொல்லும் காரணம், 'எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பதால்தான் எனக்குத் தாமதமாகிறது' என்பது, இந்த வரிசையில் மிகவும் பின்னால்தான் வந்தது.

அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள். புத்தகத்தை எடுக்கப் போகும் அந்த நொடியில் என்ன நடக்கிறது? சலிப்பா? 'எனக்கு இது புரியாது' என்ற பயமா? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? அல்லது, தொடங்கி இரண்டு நிமிடத்தில் கை தானாகப் போனுக்குப் போகிறதா? இந்த நான்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்து மட்டும் வேறு வேறு.

அட்டவணை

நம்மில் பலரும் முதலில் பிடிப்பது இதைத்தான். காலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு பாடம். போடும்போதே பாதிப் படிப்பு முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. அதுதான் இதன் ஆபத்தும்.

ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிப்பதில் நாம் மிகவும் மோசம். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்த கடைசி ஆண்டு மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலைமைகூட நடந்ததைவிட நன்றாக இருந்தது. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

இப்படிப்பட்ட கணிப்பை வைத்துக் கட்டம் கட்டினால் முதல் கட்டத்திலேயே இடிக்கும். ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது பத்தரைக்கு முடியும். அதற்குக் கீழே உள்ள கட்டங்கள் எல்லாம் சரியும். மதியத்துக்குள் 'இன்றைய நாள் போச்சு, நாளையிலிருந்து ஒழுங்காக' என்று மனசு கையை விரித்துவிடும். என் அளவுகோலில் அட்டவணைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் கிடைப்பது இதனால்தான். ஒரு கட்டம் தவறினால் மொத்தமும் தவறியது போலத் தோன்றும். திரும்பப் பிடிக்க வேண்டுமானால் புதிய அட்டவணை போட வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் அட்டவணை தேவை: தேர்வுக்கு எத்தனை பாடம், எத்தனை வாரம் என்று கணக்குப் பார்க்க. வாரக் கணக்கு போதும், மணிக் கணக்கு வேண்டாம். அந்தக் கணக்கிலும் போன முறை இதே மாதிரி வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்பதை எழுதுங்கள். இந்த முறை எத்தனை நாள் ஆகும் என்று தோன்றுவதை எழுதாதீர்கள்.

டைமர்

1980களின் கடைசியில் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, பத்து நிமிடமாவது ஒழுங்காகப் படிக்க முடியுமா என்று தன்னிடமே பந்தயம் கட்டி, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை முடுக்கி வைத்தார். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமோதோரோ என்று பெயர். அதுவே முறைக்கும் பெயரானது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு.

சலிப்புக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. 'இந்தப் பாடம் முழுவதையும் படிக்க வேண்டும்' என்பதைத் தாங்க முடியாத மனசு, '25 நிமிடம் உட்கார்ந்தால் போதும்' என்பதைத் தாங்கிக்கொள்ளும். கணக்குப் பயிற்சி, சொற்களை மனப்பாடம் செய்வது, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பது, குறிப்பெடுப்பது என்று துண்டு துண்டாக வெட்டக்கூடிய எந்த வேலைக்கும் ஒத்துவரும். தவறிய நாளுக்கு மறுநாள் திரும்பப் பிடிப்பதும் சுலபம். டைமரை முடுக்கினால் ஆயிற்று, நேற்றைய பாக்கி என்று எதுவும் இல்லை.

குறை இரண்டு. ஒன்று, நீண்ட கட்டுரை எழுதும்போதோ கடினமான ஒரு நிரூபணத்தில் இறங்கும்போதோ உள்ளே போகவே இருபது நிமிடம் ஆகும். அங்கே மணி அடித்தால் கோர்வை அறுந்துவிடும். அந்த மாதிரி வேலைக்கு 50 நிமிடமோ அதற்கு மேலோ வையுங்கள். 25 என்பதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டாவது குறைதான் பெரியது. டைமர் தொடங்கிய பிறகு உதவும். டைமரை முடுக்கும் கையை அது நகர்த்தாது. மேசைக்கு வரவே முடியாதவருக்கு அது அலமாரியில் கிடக்கும் ஒரு பொருள்தான்.

இதோடு சேர்த்துச் செய்ய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மரியா ஓவ்சியான்கினா 1928இல் வெளியிட்ட சோதனைகளில், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை மக்கள் யாரும் சொல்லாமலே திரும்பப் போய் எடுத்தார்கள். அதனால் அன்றைய படிப்பை நிறுத்தும்போது ஒரு கணக்கை முழுசாக முடித்துவிட்டு எழாதீர்கள். பாதிக் கணக்கு எழுதியிருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் வெறும் தாளின் முன் உட்கார்வதைவிட அரைகுறையாக நிற்கும் வரியின் முன் உட்கார்வது எவ்வளவோ மேல்.

நமக்கு நாமே வைக்கும் கெடு

பலன் தூரத்தில் இருப்பதுதான் பிரச்சினை என்றால், கெடுவைப் பக்கத்தில் இழுத்து வைப்பது நியாயமான யோசனை. டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பருவத்துக்கு மூன்று கட்டுரைகள். ஒரு வகுப்புக்குச் சம இடைவெளியில் ஆசிரியரே கெடு வைத்தார். இன்னொரு வகுப்பு தன் கெடுவைத் தானே தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் கடைசி நாளுக்கே வைத்துக்கொண்டாலும் கேள்வி இல்லை. அப்படி இருந்தும் பெரும்பாலானோர் முன்கூட்டியே கெடு வைத்துக்கொண்டார்கள். தங்களைப் பற்றி அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் கூடுதல் மதிப்பெண் வாங்கியது ஆசிரியர் கெடு வைத்த வகுப்பு. பிழை திருத்தும் வேலை ஒன்றை வைத்துச் செய்த அடுத்த சோதனையிலும் அதே வரிசைதான்: பிறர் வைத்த வாராந்தரக் கெடு முதலிடம், தானே வைத்தது நடுவில், எல்லாம் கடைசி நாள் என்றிருந்தது கடைசி.

இதை மட்டும் படித்துவிட்டுக் கெடு வைக்கக் கிளம்பாதீர்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், பலர் தாங்களாக முன்வந்து கெடு வைத்துக்கொண்டும், வேலையை முடித்தவர்களின் விகிதம் உயரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நாம் வைத்த கெடுவை நாமே மன்னித்து நீட்டிக்கொள்ள முடியும் என்பது நமக்குத் தெரியும். வாசலில் நாமே காவலாள், நாமே திருடன் என்றால் பூட்டுக்கு வேலை இல்லை. வெளியே ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதுதான் கெடு கெடுவாகிறது.

ஆகவே ஆய்வறிக்கை, புராஜெக்ட் மாதிரி நீண்ட வேலை கையில் இருந்தால் உங்கள் வழிகாட்டியிடம் போய், 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதியதைக் காட்டுகிறேன், தேதி நீங்களே குறித்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு மூன்று மாதம் கூச்சமாக இருந்தது. கேட்ட அன்றைக்கு அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

எப்போது, எங்கே, என்ன

நான் அதிகம் நம்புவது இந்த வழியை. பார்க்க மிகச் சாதாரணமாக இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைப்பதையும் அதை எந்தச் சமயத்தில் எந்த இடத்தில் செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைப்பதையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 'இந்த வாரம் வேதியியல் படிக்க வேண்டும்' என்பது நினைப்பு. 'சாயங்காலம் வந்து பையைக் கீழே வைத்ததும், மேசையில் உட்கார்ந்து மூன்றாம் பாடத்தின் முதல் கணக்கை எடுப்பேன்' என்பது கட்டிவைத்த திட்டம். அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பண்டிகை விடுமுறைக்குக் கிளம்பிய மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுமுறை நாளில் யாருக்குத்தான் எழுதத் தோன்றும்! பாதிப் பேரை மட்டும், எப்போது எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்பதை முன்பே குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். குறித்துக் கொடுத்தவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அனுப்பினார்கள். இரண்டு குழுவுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு சின்னக் குறிப்பு.

அது ஒரு ஆய்வோடு நிற்கவில்லை. கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் நடுத்தரத்துக்கு மேலாகவே இருந்தது. மனித நடத்தையை மாற்றும் உத்திகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

ஏன் பலிக்கிறது என்றால், தொடங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த இடைவெளியை இது எடுத்துவிடுகிறது. தள்ளிப்போடுவது நடப்பதே அந்த இடைவெளியில்தான். பையைக் கீழே வைப்பது என்ற செயலே மணி அடித்த மாதிரி. அடுத்து என்ன என்று மனசைக் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் அது வேண்டாம் என்றுதான் சொல்லும்.

எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஆறு மணிக்கு' என்று கடிகாரத்தைப் பிடித்தால் ஆறு ஐந்து ஆனதும் 'சரி, ஆறரைக்கு' என்று மனசு பேரம் பேசும். 'பையைக் கீழே வைத்ததும்', 'முகம் கழுவியதும்', 'கடைசி வகுப்பு முடிந்து வெளியே வந்ததும்' என்று எப்படியும் நடக்கப்போகும் ஒரு செயலைப் பிடியுங்கள். செய்ய வேண்டியதும் சின்னதாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். 'முன்னுரையை முடிப்பேன்' என்று எழுதினால் அது திரும்பவும் ஆசைதான். 'முன்னுரையின் இரண்டாம் பத்திக்கு மூன்று வரி எழுதுவேன்' என்றால் செய்துவிடலாம். மூன்று வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்ற அனுமதியோடுதான் உட்கார வேண்டும். பெரும்பாலும் எழ மாட்டீர்கள்.

என் அளவுகோலில் இதற்குத்தான் முதலிடம். நேற்று தவறிப்போனால் இன்றைக்கும் பையைக் கீழே வைப்பீர்கள் அல்லவா? வாய்ப்பு தானாகத் திரும்ப வருகிறது. புதிதாக எதுவும் போட வேண்டாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். 'எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை' என்கிறவருக்கு இதுவே முழு மருந்து. அந்த வாக்கியத்தை எழுத முயலும்போதே எங்கே தொடங்குவது என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் இது போதுமா என்றால், இல்லை. வேலையின் மீது உண்மையான பயம் இருப்பவர் பையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

போனும் கூட உட்காரும் ஆளும்

போனைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சைலண்டில் போடுவது போதாது, கவிழ்த்து வைப்பதும் போதாது. வேறு அறையில் இருக்க வேண்டும். ஏட்ரியன் வார்டும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனை வேறு அறையில் வைத்தவர்கள் மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட நினைவாற்றல் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பிறகு இதேபோல் செய்து பார்த்த எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை என்பதால் அதை நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். என் காரணம் இன்னும் எளியது: எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால், கை தானாகப் போகாது. போவதற்கு முன் ஒருமுறை தெரிந்துவிடும். பாடமே போனில்தான் இருக்கிறது என்றால், வேண்டிய பக்கங்களை முன்பே அச்செடுப்பது, அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன்களையும் மற்ற ஆப்களையும் முடக்கி வைப்பது. தடுக்கி விழும் நான்காவது ரகத்தாருக்கு, அதாவது தொடங்கியும் நிலைக்க முடியாதவருக்கு, மற்ற எதற்கும் முன்னால் இதுதான். ஆனால் இதை மட்டும் செய்தால் போன் இருந்த இடத்தில் சன்னல் வந்து உட்காரும்.

நண்பரோடு சேர்ந்து உட்கார்வது ஆளைப் பொறுத்தது. இருவரும் பேசாமல் அவரவர் வேலையைச் செய்வது, தொடக்கத்தில் 'நான் இதை எடுக்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்வது, முடிவில் என்ன ஆனது என்று சொல்வது. இவ்வளவுதான். வீடியோ அழைப்பிலும் செய்யலாம். தனிமையால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு, குறிப்பாக வீட்டிலிருந்தே படிக்கிறவர்களுக்கு, நன்றாகவே உதவும். சேர்ந்து படிக்கிறோம் என்று பாடத்தைப் பேசத் தொடங்கினால் அது வேறு விஷயத்தில்தான் போய் முடியும். இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு நாள் நீங்கள் வராமல் போனால் மறுநாள் அவரைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். சிலருக்கு அந்தச் சங்கடமே உந்துதல். சிலர் அந்தச் சங்கடத்தாலேயே நண்பரின் அழைப்பை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

பயம் தடுத்தால்

இங்கேதான் மேலே சொன்ன உத்திகள் எல்லாம் வலுவிழக்கின்றன. 'உட்கார்ந்து படித்தும் புரியாவிட்டால், நான் இதற்கு லாயக்கில்லை என்று தெரிந்துவிடும்' என்று உள்ளே ஒரு குரல் இருந்தால், படிக்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. படிக்காததால் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகச் செய்வது தன்னைத் தானே திட்டிக்கொள்வது. 'எத்தனை முறை சொல்வது, உனக்கு வெட்கமில்லை' என்று மற்றவர்கள் திட்டுவதைவிடக் கடுமையாகத் தங்களைத் திட்டிக்கொள்வார்கள். அதனால் ஏதாவது நல்லது நடக்குமா? மைக்கேல் வோல், டிமோதி பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரைக் கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் இரண்டாம் தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காரணம் புரியாததல்ல. திட்டத் திட்ட அந்தப் பாடத்தைப் பார்த்தாலே வலிக்கும். வலிப்பதைத்தான் மனசு தள்ளிப்போடும்.

மன்னிப்பது என்றால் போகட்டும் என்று விடுவதா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 'நான் தள்ளிப்போட்டேன், அதனால் இந்த மதிப்பெண் வந்தது' என்று முழுசாக ஒத்துக்கொண்டு, அதோடு வழக்கை முடித்துவிடுவது. ஒத்துக்கொள்ளாமல் விட்டால் அது சாக்கு. ஒத்துக்கொண்ட பிறகும் தினம் தினம் விசாரித்தால் அது தண்டனை. இரண்டுமே அடுத்த பக்கத்தைத் திறக்க விடாது. நான் எதையெல்லாம் முயன்றேனோ அவற்றில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான், மிகவும் தாமதமாகச் செய்ததும் இதுதான்.

இது தனியாக முடியாதபோது உதவி கேட்பதும் ஒரு வழி. அதைக் கடைசி இடத்தில் வைக்காதீர்கள். வெண்டலீன் ஃபான் எயர்டே, காட்ரின் கிளிங்ஸிக் இருவரும் 2018இல், தள்ளிப்போடுவதைக் குறைக்க எடுத்த முயற்சிகள் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மற்ற வகை முயற்சிகளைவிட அதிகம் குறைத்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் ஒரு ஆலோசகரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்து மாற்றும் முறை. பல கல்லூரிகளில் மாணவர்களுக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். படிப்பு மட்டுமில்லாமல் பிடித்த விஷயங்களையும் செய்ய முடியவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, அல்லது சின்ன வயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நிற்பதில்லை என்றால் அது தள்ளிப்போடும் பழக்கம் மட்டுமாக இருக்காது. மன அழுத்த நோயோ கவனக்குறைபாட்டுக் கோளாறோ பின்னால் இருக்கலாம். அந்த நிலையில் டைமரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மாதங்களைக் கழிக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது?

யோசிக்க நேரமில்லாதவர், நாளைக்கே தொடங்க வேண்டியவர், போனை வேறு அறையில் வைத்துவிட்டு 'எப்போது, எங்கே, என்ன' வாக்கியம் ஒன்றை இன்று ராத்திரியே எழுதிவிடட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. சலிப்புதான் எதிரி என்றால், அந்த வாக்கியத்தின் கடைசியில் 'டைமரை முடுக்குவேன்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டைமரின் குறை அதோடு தீர்ந்தது. மாதக்கணக்கில் நீளும் வேலை என்றால் வெளியிலிருந்து கெடு இல்லாமல் இறங்காதீர்கள். பயம்தான் என்றால் வாக்கியத்தை இன்னும் சின்னதாக்குங்கள், 'புத்தகத்தைத் திறந்து தலைப்புகளை மட்டும் படிப்பேன்' என்ற அளவுக்கு. கூடவே யாரிடமாவது மனம் விட்டுப் பேசுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு உத்திகளைச் சேர்த்துப் பிடித்தால் ஆறாம் நாளில் ஆறும் சேர்ந்து உடையும், எது உதவியது என்றும் தெரியாது. ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள். எத்தனை நாள் தவறியது என்று எண்ண வேண்டாம். தவறிய நாளுக்கு அடுத்த நாள் உட்கார்ந்தீர்களா என்பதை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு முறை தவறி இரண்டு முறையும் மறுநாளே திரும்பி வந்திருந்தால் உங்களுக்கான வழி கிடைத்துவிட்டது, மாற்றாதீர்கள். தவறியபின் மூன்று நான்கு நாள் அப்படியே போயிருந்தால், உங்களைத் தடுப்பது எது என்று நீங்கள் நினைத்தது தவறாக இருக்கலாம். அந்த நான்கு கேள்விக்குத் திரும்பப் போய் வேறொரு பதிலை எடுத்துப் பாருங்கள்.

என் ஆய்வறிக்கை கடைசி ஒரு மாதத்தில் எழுதப்பட்டது. மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது ஒரே வரி: 'முகம் கழுவியதும், நேற்று பாதியில் விட்ட வரியை முடிப்பேன்.' அந்த மாதத்திலும் ஐந்தாறு நாள் தவறியது. மறுநாள் முகம் கழுவிவிட்டு வந்தபோது சீட்டு அங்கேயே இருந்தது.